அப்பா லைன்ல இருக்கார்

(திருவெறும்பூர் வட்டாரத்தில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில், ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

சொல்வளம் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள் என்றார்கள். நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நம் எல்லோருக்கும் தெரிந்த சொல். இன்று காலை பள்ளி இறைவணக்கத்தில் நீங்களே பத்து முறையாவது சொல்லியிருப்பீர்கள். 'லைன்ல நில்லுங்கப்பா' என்கிறோமே, அந்த 'லைன்'.

நான் வேலை பார்ப்பது காட்டூரில் ஓர் அரசுப் பள்ளி. தஞ்சாவூர் சாலைக்கு ஒரு பக்கம் பட்டறைகளும் வெல்டிங் சத்தமும், மறு பக்கம் குடியிருப்புகள். 1965இல் பெல் தொழிற்சாலை வந்த பிறகு வளர்ந்த பகுதி. எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் ஃபிட்டர், வெல்டர், கொத்தனார், ஆட்டோ ஓட்டுநர், சரக்கு வேன் ஓட்டுநர் என்று பலவகை. அம்மாக்களில் பாதிப்பேர் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருப்பவர்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிறகு தெரியும்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில், ஒரு சொல்லைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொன்னேன். கொடுத்த சொல் 'லைன்'. நாற்பது நோட்டில் முப்பத்தைந்தில் ஒரே வாக்கியம்தான்: 'டிரா எ லைன்'. ஒருவன் மட்டும் எழுதியிருந்தான்: 'மை ஃபாதர் இஸ் ஆன் தி லைன்.'

எனக்குச் சந்தோஷம். தொலைபேசித் தொடர்பில் இருப்பதைச் சொல்லும் வழக்கை இந்தப் பையன் எங்கே பிடித்தான் என்று பெரிய டிக் போட்டேன். வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, 'அப்பா ஃபோன்ல இருக்கார்னு எவ்வளவு அழகா எழுதியிருக்கான் பாருங்க' என்றேன்.

அவன் எழுந்து, 'இல்ல டீச்சர், அப்பா நெஜமாவே லைன்லதான் இருக்கார். கரண்ட் கம்பத்துல' என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். இத்துடன் விட்டிருந்தால் பரவாயில்லை. 'அப்படின்னா இந்த வாக்கியம் சரியில்லப்பா, ஒர்க்ஸ் ஆன் தி பவர் லைன்ஸ்னு எழுதணும்' என்று சொல்லி, நோட்டை வாங்கி, போட்ட டிக்கை அடித்துவிட்டேன். சிவப்பு மையால், எல்லோர் முன்னாலும். அதே வாக்கியம்தான். ஒரு நிமிடம் முன்பு சரியாக இருந்தது, அவன் மனதில் இருந்த பொருள் தெரிந்ததும் தவறாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவன் வாக்கியம் எழுதவில்லை. 'டிரா எ லைன்' என்று பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதி நீட்டினான். அதற்கு டிக் போட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு மதியம் காற்றும் சேர்ந்து அடித்து, எங்கள் பகுதியில் மின்சாரம் போய்விட்டது. வகுப்பு இருட்டு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இவன் மட்டும் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தான். என்னடா என்று கேட்டேன். 'கம்பி அறுந்திருக்கும் டீச்சர். அப்பாவைக் கூப்புட்டிருப்பாங்க. லைன் கிளியர் வாங்கிட்டாங்களான்னு தெரியல' என்றான்.

'லைன் கிளியர்' என்பதை நாம் எல்லோரும் பேச்சில் சொல்கிறோம். மேலதிகாரி விடுப்பில் போனால் 'இன்னைக்கு லைன் கிளியர்' என்கிறோம். அவனுக்கு அது வேறு. அது என்னவென்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முழு விவரம், பெற்றோர் கூட்டத்துக்கு அவன் அப்பா வந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவர் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கம்பம் நடுகிற, லைன் இழுக்கிற வேலை செய்பவர். மின்கம்பியில் கை வைக்கும் முன் பொறுப்பில் உள்ளவர் துணை மின் நிலையத்தைத் தொடர்புகொண்டு, இன்ன ஃபீடரில் வேலை செய்யப்போகிறோம், நிறுத்திக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் நிறுத்தி, நிறுத்திவிட்டோம் என்று முறைப்படி உறுதி சொல்ல வேண்டும். இதுதான் லைன் கிளியர். சுருக்கமாக எல்சி என்கிறார்கள். அதோடு முடியவில்லை. வேலை நடக்கும் இடத்துச் சுவிட்சையும் திறந்து வைத்து, கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் ராடு மாட்டிய பிறகுதான் ஏற வேண்டும். ஏனென்றால் அங்கே நிறுத்தினாலும் யாராவது வீட்டிலோ கடையிலோ ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் மின்சாரம் பின்பக்கமாக வரும். 'ஏறுறது பெரிசில்லைங்க டீச்சர். எறங்கின பெறகு ஆளை எண்ணணும். எல்லாரும் எறங்கியாச்சா, சாமானெல்லாம் எடுத்தாச்சான்னு பாத்துட்டுத்தான் எல்சி-யைத் திருப்பிக் குடுக்கணும். யார் வாங்கினாரோ அவர்தான் குடுக்கணும். வேற யாரு ஃபோன் பண்ணாலும் லைன் விடக் கூடாது' என்றார்.

நான் இருபது ஆண்டாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். இரண்டு சொல்லை இவ்வளவு கவனமாகப் பயன்படுத்தும் ஆளை அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றிரவு வீட்டில் அகராதியை எடுத்தேன். 'ஆன் தி லைன்' என்பதற்கு நான் வகுப்பில் சொன்ன தொலைபேசிப் பொருள் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. உயிரோ வேலையோ பெயரோ ஆபத்துக்கு உள்ளாகி நிற்பதையும் ஆங்கிலத்தில் அதே மூன்று சொல்லால்தான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த வழக்குதான். பையனின் நோட்டைத் திருத்தும்போது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில், தெருவில், கடையில் யார் வாயிலாவது 'லைன்' என்ற சொல் வந்தால், யார் சொன்னார், எதைச் சொன்னார் என்று எழுதி வர வேண்டும். ஆங்கிலத்தில் எழுத வேண்டாம், தமிழில் எழுதினால் போதும் என்றேன். ஒரு வாரம் கழித்து வந்ததைப் பார்த்து அசந்துபோனேன்.

மளிகைக் கடைக்குச் சரக்குப் போடும் வேன் ஓட்டுநரின் மகள்: 'அப்பாவுக்குத் திங்கக்கிழமை லால்குடி லைன், செவ்வாக்கிழமை துறையூர் லைன்.' தையல்காரரின் மகன்: 'அம்மா ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி வாங்கினாங்க.' கபடி விளையாடுகிறவன்: 'போனஸ் லைனைத் தாண்டி ஒரு கால் வைக்கணும், இன்னொரு காலு அந்தரத்துல இருக்கணும், அப்பத்தான் பாயிண்ட்டு.' ரேஷன் கடை லைன் பலருக்கு வந்தது. திருப்பூரில் மாமா குடியிருப்பது லைன் வீடு. ஒருவன் தன் அண்ணன் யாருக்கோ 'லைன் போடுகிறான்' என்றும் எழுதி வந்தான். அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. ஆனால் அடிக்கவும் இல்லை, அதுவும் வழக்குத்தானே.

ஒருத்தியின் தாத்தா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் லைன் கிளியர் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ஒரு நிலையத்திலிருந்து வண்டியை அனுப்பும் முன், அடுத்த நிலையத்தாரிடம் கேட்டு, பாதை காலியாக இருக்கிறது, அனுப்பலாம் என்று உறுதி பெறுவதற்கு ரயில்வேயில் லைன் கிளியர் என்று பெயர். பெரிய வளையத்தில் தோல் பை கட்டி, அதற்குள் பந்து மாதிரி ஒரு டோக்கனைப் போட்டு ஓட்டுநரிடம் நீட்டுவார்களே, பார்த்திருப்பீர்கள். அந்த டோக்கன் கையில் இருந்தால்தான் வண்டி நகரும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்வாரியத்தில் லைன் கிளியர் என்றால் அதில் எதுவும் வராது என்று பொருள். ரயில்வேயில் லைன் கிளியர் என்றால் அதில் வண்டி வரப்போகிறது என்று பொருள். நேர் எதிர். எப்படி ஒரே சொல் என்று வகுப்பில் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, கம்பத்துக்காரரின் மகன்தான் சொன்னான்: 'ரெண்டுலயும் லைன் ஒருத்தருக்கு மட்டும்தான் டீச்சர். வாங்கினவரு குடுக்குற வரைக்கும் வேற யாரும் அதுல வரக்கூடாது.' இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் எனக்குச் சொல்லியிருக்காது.

இன்னொரு தாள். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: 'எங்க ஆயா லயத்துல பொறந்தவங்க.' லயம் என்றால் எனக்குத் தெரிந்தது தாளமும் லயமும்தான். 'லைன்' கேட்டால் இது என்ன என்று விசாரித்தேன். ஆயா இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பம். தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆங்கிலத் துரைமார் கட்டிய வரிசைக் குடியிருப்புக்கு 'லைன் ரூம்ஸ்' என்று பெயர். ஓர் அறை சுமார் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ஒரு குடும்பம். மக்கள் வாயில் லைன் 'லயன்' ஆகி, பிறகு 'லயம்' ஆயிற்று. அறைக்கு அவர்கள் சொல்லும் 'காம்பரா' போர்த்துக்கீசியச் சொல். ஆங்கிலமும் போர்த்துக்கீசியமும் சேர்ந்து 'லயன் காம்பரா'. சிங்கம் குடியிருக்கும் அறையா என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள்.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக 1904இல் தோட்ட முதலாளிகள் அமைத்த சிலோன் லேபர் கமிஷனின் தலைமையிடம் திருச்சிராப்பள்ளிதான். இங்கிருந்து பதிவாகிப் போய், மண்டபம் முகாம் வழியாகக் கடல் தாண்டி, அந்த லயத்தில் குடியிருந்தவர்களின் பேத்தி, காட்டூர் வகுப்பறையில் உட்கார்ந்து 'லைன்' என்ற சொல்லுக்கு வாக்கியம் தேடிக்கொண்டிருந்தாள். முதல் நாள் அவளும் 'டிரா எ லைன்' என்றுதான் எழுதியிருந்தாள்.

இத்தனை பொருளையும் பிள்ளைகள் தலையில் எப்படி ஏற்றுவது? பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லலாம். நாம் செய்துவருவது அதுதான், பயன் உங்களுக்கே தெரியும். ஆக்ஸ்போர்டு பேரகராதிக்காரர்கள் 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் கணக்கெடுத்தார்கள். பட்டியலை நம்பினால் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் 'ரன்' முடியாது.

நான் சொல்லின் வேருக்குப் போனேன். 'லைன்' லத்தீனில் 'லினியா' என்பதிலிருந்து வந்தது. லினியா என்றால் ஆளிச்செடி நாரில் திரித்த நூல். லினன் துணி என்கிறோமே, அதே வேர். தையல்கார அம்மா வாங்கிய லைனிங்கும் அங்கிருந்துதான். ஒரு காலத்தில் உடுப்பின் உட்புறம் லினன் வைத்துத் தைத்ததால் வந்த பெயர். ஆக, அடிப்படையில் ஒரு நூல்.

ஒரு நூல்கண்டை வகுப்புக்கு எடுத்துப்போனேன். இரண்டு பேரை இரண்டு முனையில் பிடிக்கச் சொன்னேன். இழுத்துப் பிடித்தால் நேர்கோடு. அதை ஒட்டி நின்றால் ரேஷன் லைன். ஒரு முனையில் இருப்பவரை இன்னொரு முனையோடு சேர்க்கிறது, அதனால் தொலைபேசி லைன், ரயில் லைன், மின்சார லைன். தரையில் போட்டால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கிறது; கபடிக் கோடும் அதுதான், நாட்டின் எல்லைக் கோடும் அதுதான். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு வேன் போகும் தடமும் நூல்தான். பிள்ளைகள் தாங்களே சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லாவற்றையும் நூலுக்குள் இழுத்துவிட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். துணுக்கின் முடிவில் வரும் 'பஞ்ச் லைன்' எப்படி நூல் என்று ஒருத்தி கேட்டாள். நான் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன், அறுந்துவிட்டது.

அப்போது கொத்தனார் மகன் எழுந்து, 'எங்கப்பாவும் நூல்தான் டீச்சர் கட்டுவாரு. நூல் பிடிச்ச மாதிரி செங்கல்லு வைக்கணும்னுவாரு' என்றான். பிறகு, அப்பா அளவு சொல்லும்போதும் நூல் கணக்குச் சொல்வார் என்றான். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். 'மூணு அங்குலம் ரெண்டு நூல்' என்றால் மூன்றேகால் அங்குலம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பழைய ஆங்கில அளவிலும் 'லைன்' என்று ஓர் அளவு உண்டு. ஓர் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரையொருவர் கேட்காமல், நூலின் பெயரையே சின்ன அளவுக்கு வைத்திருக்கிறார்கள்.

நம் மொழியில் நூல் என்றால் புத்தகமும்தான். பவணந்தி முனிவர் நன்னூலில் அதற்குக் காரணமே சொல்கிறார்: மரத்தின் கோணலைத் தச்சன் நூல் காட்டி நீக்குவது போல, மனத்தின் கோணலை நீக்குவது நூல். பஞ்சை நூலாக நூற்பதையும் சொல்லை நூலாக இயற்றுவதையும் அவர் ஒப்பிட்டும் காட்டுகிறார். எங்கள் பள்ளித் தமிழாசிரியை ஐயம் தீர்த்துச் சொன்ன விவரம் இது, நான் பி.எட். படித்த காலத்தில் தமிழ் இலக்கணத்தை ஆங்கில வகுப்புக்குள் கொண்டுவரலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

'இங்கிலீஷ்ல மட்டும் ஏன் டீச்சர் ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தம்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். உங்களிடமும் கேட்டிருப்பார்கள். 'அடி' என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். கால், அளவு, உதை, அடிப்பக்கம், செய்யுளின் அடி. கூடவே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஆங்கிலக் கவிதையில் 'லைன்' என்பதுதான் நம் அடி. ஆனால் ஆங்கில யாப்பில் 'ஃபுட்' என்று ஒன்று உண்டு. அதை அடி என்று மொழிபெயர்த்தால் தவறு, அது நம் சீருக்கு நெருக்கமானது. கல்லூரியில் நான் இதில் தடுமாறியிருக்கிறேன். 'வரி' என்று எழுதுங்கள். புத்தகத்தின் வரி, புலியின் வரி, வீட்டு வரி. 'கோடு' இன்னும் வேடிக்கை. நேராக இழுத்தால் கோடு என்கிறோம். ஆனால் பழந்தமிழில் கோடுதல் என்றால் வளைதல். அதனால்தான் ஒரு பக்கம் சாயாமல் நிற்பதைத் திருவள்ளுவர் கோடாமை என்கிறார். இதைச் சொன்னதும் கணக்கு ஆசிரியர் என்னிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். பாடத்தை முடிக்க வேண்டும், தேர்வு இருக்கிறது. நான் எல்லாச் சொல்லுக்கும் இப்படிச் செய்வதில்லை. ஒரு பருவத்துக்கு இரண்டு சொல். இந்த முறை 'பாயிண்ட்', 'ஸ்டாண்ட்' எடுத்திருக்கிறோம். வெல்டர் வீட்டுப் பிள்ளைகளும் ஆட்டோ வீட்டுப் பிள்ளைகளும் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். வழக்கமாக முன்வரிசையில் இருக்கும், நன்றாக மனப்பாடம் செய்யும் சிலருக்குக் கொஞ்சம் வருத்தம். அவர்களுக்கு அகராதி பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தேன். தேர்வில் மதிப்பெண் கூடியதா என்று கேட்டால், ஒரு வகுப்பை வைத்து நான் எதையும் சொல்ல விரும்பவில்லை. நோட்டில் 'டிரா எ லைன்' குறைந்திருக்கிறது. அது மட்டும் உறுதி.

திருத்தும் முறையில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். எனக்குப் புரியாத வாக்கியத்தில் உடனே சிவப்பு மை வைப்பதில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. மறுநாள் பிள்ளையைக் கூப்பிட்டு 'இதுல என்ன சொல்ல வந்தே?' என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன். பாதி முறை தவறு தவறுதான். மீதிப் பாதி முறை கேட்டதே நல்லதாகப் போகிறது.

அந்தப் பையனின் பழைய நோட்டைத் திரும்பக் கேட்டேன். அடித்த டிக்குக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு டிக் போட்டுக் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டான். இப்போது ஒன்பதாம் வகுப்பு. சென்ற வாரம் அவன் எழுதிய வாக்கியம் இது: 'மை ஃபாதர் வில் க்ளைம்ப் ஆஃப்டர் கெட்டிங் தி லைன் கிளியர்.' மின்வாரியத்திலும் ரயில்வேயிலும் எழுத்திலேயே இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் இதில் 'கிளியர்' பெயர்ச்சொல்லா, பெயரடையா, இல்லை இரண்டும் சேர்ந்து ஒரே பெயர்ச்சொல்லா? ஓரத்தில் பென்சில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை அவனைக் கேட்டுப் பயனில்லை. தேநீர் இடைவேளையில் உங்களில் யாராவது சொல்லுங்கள்.